கிரவுன் ஆயில்

சத்தம் வராததுதான் சர்வேயருக்குப் பிடிக்கவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே சாலையில் ஓடத் தொடங்கிவிட்ட கார் அது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, குனிந்து உள்ளே இறங்க வேண்டிய அளவுக்குத் தாழ்ந்த உடம்பு, முன்னால் நீண்ட மூக்கு. அந்த வயதுக் காரில் கிரவுன் கொஞ்சமாவது முனக வேண்டும். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலத் தொங்கிக்கொண்டு, இன்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டிதான் கிரவுன். வேகம் கூட்டினால் ஒரு முனகல், காலை எடுத்தால் வேறொரு முனகல் என்று கேட்க வேண்டும். இதில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டியும் கேட்கவில்லை.

காப்பீட்டுக் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. நின்ற சுவரில் தானே போய் மோதிவிட்டு லாரி இடித்தது என்பவர்களையும், போன வருடத்து நசுங்கலை நேற்றைய விபத்தில் சேர்ப்பவர்களையும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் ‘மோப்பம்’ என்பார்கள். அது அவருக்குத் தெரியும். பெரிதாக வருத்தமும் இல்லை.

கிரவுனுக்குள் மரத்தூளைக் கொட்டி, கெட்டி கிரீஸையும் திணித்துவிட்டால் தேய்ந்த பற்கள் கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காது. வாங்கியவன் நாலு தெரு தாண்டிய பிறகுதான் திறக்கும். இதையும் அவர் பார்த்திருக்கிறார்.

ஆனால் இந்தக் காரை அவர் வாங்கவில்லை. மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனுடைய அப்பாவின் கார் இது. அந்த அப்பா மருந்துக்கடைக்காரர். மெல்லிய குரல், எப்போதும் தேய்த்த சட்டை. போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவர், சர்வேயர் காரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் வைத்தார்.

“ஒரு வாரம் வெச்சு ஓட்டுங்க சார். அடுத்த ஞாயிறு சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். அப்பவே உங்க பதிலையும் சொல்லிட்டீங்கன்னா பிள்ளைங்களுக்கு நிம்மதியா இருக்கும்.”

யாராவது இந்த மாதிரிக் காரைக் கேட்காமலேயே தூக்கிக் கொடுப்பார்களா? சர்வேயர் ஒரு வாரமாக இதையே மென்றுகொண்டிருந்தார். பையன் கட்டட வரைபடம் வரைபவன். அவன் அலுவலகத்தில் விசாரித்தாயிற்று. கூடப் படித்தவர்களிடம் விசாரித்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரிப் பேச்சுக் கொடுத்தும் விசாரித்தாயிற்று. ஒரு குறையும் கிடைக்கவில்லை. குறை கிடைக்காததே அவருக்குக் குறையாகப் பட்டது. போதாததற்கு, இப்படி ஒரு காரை வீட்டில் வைத்துக்கொண்டு பையன் எங்கேயும் பஸ்ஸில்தான் வருகிறான். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸில் வருகிறான்.

இன்று ஞாயிறு. மாலை பதில் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் சர்வேயர் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனார். கையில் ஒரு டின் புது கியர் ஆயில். பிடிபட்டால் சொல்வதற்குக் காரணம் தயார்: இரவல் வாங்கிய வண்டியைச் சும்மா திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை, கிரவுன் ஆயிலை மாற்றினேன்.

ஆயில் இளகட்டும் என்று காரைக் கடைத்தெரு வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். நான்கு பக்கமும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளில் சமமாக நிறுத்தினார். அடியில் பழைய போர்வையை விரித்து மல்லாக்கப் படுத்தார். ஒரு தட்டை அடியில் தள்ளிவிட்டு, கிரவுனின் வயிற்றில் இருந்த வடிமூடியில் ஸ்பேனரைப் போட்டார்.

இந்த வேலை தெரிந்தவர்கள் யாரும் வடிமூடியை முதலில் தொடமாட்டார்கள். பக்கவாட்டில் இருக்கும் ஊற்றுமூடி கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடியில் கைவைப்பார்கள். அது இறுகிப்போயிருந்தால் உள்ளே இருந்ததை வடித்த பிறகு புதிதாக ஊற்ற வழியில்லை. சர்வேயருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் ஆயில் மாற்ற வரவில்லை, பார்க்க வந்திருந்தார். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வரிசை மாறியது.

வடிமூடி ஒரே திருகில் இளகியது. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. பல வருடம் இருந்த மூடி இப்படி இளகாது. கையால் கழற்றினார். சூடான ஆயில் தட்டில் இறங்கியது. கந்தக நாற்றம் ஷெட்டை நிறைத்தது.

நிறம் தேன் மாதிரி இருந்தது.

விரலால் தொட்டுத் தேய்த்தார். நறநறப்பு இல்லை. பழைய வேட்டித் துணியில் ஊற்றி வடிகட்டினார். மரத்தூள் இல்லை, உலோகப் பொடி இல்லை. காந்தத்தை முக்கி எடுத்தால், இயல்பாக ஒட்டுகிற மெல்லிய கரிப்பசைகூட இல்லை. வடிகட்டிய அவசரத்தில் பாதி தரையிலும் அவர் சட்டையிலும் போயிருந்தது.

“என்னங்க நாத்தம் இது? அழுகின முட்டை மாதிரி,” என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

“கியர் ஆயில். அப்படித்தான் இருக்கும். இங்க பாரு, புதுசு. போட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது.”

“நல்லதுதானே.”

“என்ன நல்லது? வண்டிய நமக்குத் தர்றதுக்கு முந்தின நாள் ஏன் மாத்தணும்? பழைய ஆயில்ல என்ன இருந்துச்சு? அதத்தானே ஒழிச்சிருக்காரு.”

மனைவி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு தட்டை எட்டிப் பார்த்தாள். “கறுப்பா இருந்தா அலட்சியம்னு சொல்லியிருப்பீங்க. தேன் மாதிரி இருந்தா மோசடி. வேற எந்த நிறத்துல வந்தா உங்களுக்குத் திருப்தியா இருக்கும்? சொல்லுங்க, சம்பந்தி வந்ததும் கேட்டு வாங்கித் தர்றேன்.”

“சம்பந்தி ஆகல இன்னும்.”

“நீங்க இப்படிப் படுத்துக் கிடந்தா ஆகவும் மாட்டாரு. எழுந்து குளிங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க.”

அவள் போனதும் சர்வேயர் வடிமூடியைத் துடைத்து இறுக்கினார். சரி, புது ஆயிலை ஊற்றி மூடிவிடலாம், மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம் என்று பக்கவாட்டு ஊற்றுமூடியைத் தேடினார்.

ஊற்றுமூடியின் நடுவில் திருகுசாவி நுழைய ஒரு சதுரப் பள்ளம் இருக்க வேண்டும். மூடி இருந்தது, பள்ளம் இல்லை. கறுப்புப் பெயின்ட்டும் அதன்மேல் மண்ணும் படிந்து வழவழவென்று இருந்தது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். அச்சின் மற்ற இடங்களில் இருந்த மண் காய்ந்து அடுக்கடுக்காக வெடித்திருந்தது. இந்த ஓர் இடத்தில் மட்டும் கிரீஸில் குழைத்துக் கட்டைவிரலால் பூசிய மாதிரி இருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

நகத்தால் சுரண்டினார். மண் போனது, பெயின்ட் போனது. அதற்கடியில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

பட்டி.

நசுங்கிய தகட்டை நிமிர்த்தாமல் குழியை நிரப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து மறைக்கும் பட்டியைச் சர்வேயர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார். கதவுகளில் பார்த்திருக்கிறார், கூரையில் பார்த்திருக்கிறார். ஆனால் கிரவுன் மூடியில் பட்டி வைத்த ஆளை அவர் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையால் மிச்சத்தையும் நோண்டினார். சதுரப் பள்ளம் உருண்டை ஆகியிருந்தது. பொருந்தாத சாவியைப் போட்டு யாரோ பலங்கொண்ட மட்டும் திருகி நாசம் செய்திருக்கிறார்கள். அப்புறம் பூசி மெழுகியிருக்கிறார்கள்.

கிடைத்துவிட்டது என்று முதலில் ஒரு குளிர்ச்சி. அடுத்த நிமிடம் மிச்சமும் புரிந்தது. மூடி கழலாது. கிரவுனில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. கார் ஸ்டாண்டில் நிற்கிறது. கார்க்காரர் வந்துகொண்டிருக்கிறார்.

வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

மருந்துக்கடைக்காரர் நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டார். போர்வைக்கு அப்பால் அவருடைய பளபளக்கும் ஷூக்கள் மட்டும் சர்வேயருக்குத் தெரிந்தன. அவை தட்டுக்கு அருகில் வந்து நின்றன. பிறகு ஓர் அடி பின்வாங்கின.

“சார், உள்ள இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“என்ன பண்றீங்க?”

“சும்மா. கிரவுன் ஆயில மாத்திக் குடுக்கலாம்னு.”

சர்வேயர் வெளியே ஊர்ந்து வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் ஆயில், நகத்தில் சாம்பல் நிறப் பட்டி. மருந்துக்கடைக்காரர் அந்த நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

“அந்த மூடி...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“பட்டி வெச்சிருக்கு,” என்றார் சர்வேயர். “மேல மண்ணு வேற பூசியிருக்கு. யார் வேலை சார் இது?”

“என் வேலைதான்.”

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளும் ஆளைச் சர்வேயர் பார்த்ததில்லை. இதில் என்ன தந்திரமோ என்று ஒரு கணம் தோன்றியது.

மருந்துக்கடைக்காரர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். “நீங்க எப்படியும் அடியில படுத்துப் பாப்பீங்கன்னு தெரியும். பையனே சொன்னான். ஆயில் தார் மாதிரி கிடந்துச்சு, வருஷக்கணக்கா மாத்தல. பாத்தா என்ன நெனப்பீங்கன்னு நானே மாத்தப் பாத்தேன். வடிச்சுட்டேன் சார். வடிச்சப்புறம்தான் ஊத்தற மூடி வரல. சாவி வேற அளவு. திருகத் திருகப் பள்ளமே போயிடுச்சு.”

“முதல்ல ஊத்தற மூடியத்தானே சார் பாக்கணும்?” என்று சொன்ன பிறகுதான் சர்வேயருக்குத் தன் நிலைமை ஞாபகம் வந்தது. மருந்துக்கடைக்காரர் பெருந்தன்மையாக எதுவும் சொல்லவில்லை. தட்டை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

“ஏன், மெக்கானிக்கிட்டக் குடுக்கறதுதானே?”

“ஊர்ல இருக்கற மெக்கானிக் எல்லாரும் உங்களுக்குத் தெரிஞ்சவங்க சார். யார்கிட்டக் குடுத்தாலும் சாயங்காலமே உங்க காதுக்கு வந்துடும்.”

அது உண்மைதான்.

“மூடி தெறக்காம ஆயில் எப்படி உள்ள போச்சு?”

மருந்துக்கடைக்காரர் எழுந்து போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி டயருக்கு அடியில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பெரிய ஊசிக்குழல், அதோடு மெல்லிய ரப்பர் குழாய். டிக்கியை இரண்டு முறை சோதித்தும் டயருக்கு அடியில் பார்க்காமல் விட்டதற்குச் சர்வேயருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“அச்சு மேல காத்து போறதுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கு சார். அதுவழியா ஏத்தினேன். கடை அடைச்சப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா.”

சர்வேயர் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. ஒரு மூடியில் பட்டி வைக்கிற கை அந்த ஒரு மூடியோடு நிற்காது. அவர் அனுபவம் அப்படி. கதவில் பட்டி இருந்தால் கூரையைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

“சார், நேரடியாக் கேக்கறேன். பையன் விஷயத்துல எங்கயாவது பட்டி வெச்சிருக்கீங்களா?”

மருந்துக்கடைக்காரரின் முகம் மாறியது. ஊசிக்குழலைக் கையில் உருட்டினார். வாயைத் திறந்தார், மூடினார். சர்வேயருக்குத் தெரிந்துவிட்டது. இருக்கிறது. ஒரு வாரமாகத் தேடியது இங்கேதான் இருக்கிறது.

“இருக்கு. ஆனா அதை நான் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு?”

“நான்தான்பா சொல்ல வேண்டாம்னேன்,” என்று குரல் கேட்டது. வாசலில் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. “அங்கிள், நீங்க உக்காருங்க. நானே சொல்றேன். அவருக்குச் சின்ன வயசுல வலிப்பு வரும்பா. காலேஜ் முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு. இப்ப ரொம்ப வருஷமா வரல. மாத்திரை சாப்பிடறாரு.”

சர்வேயர் மெதுவாக எழுந்தார். “உனக்கு எப்ப தெரியும்?”

“ரெண்டாவது தடவை பாத்தப்பவே சொல்லிட்டாரு. நான் கேக்கக்கூட இல்ல.”

மனைவி பக்கம் திரும்பினார். அவள் முந்தானையைச் சரிசெய்தாள். “இவ அன்னிக்கே எங்கிட்டச் சொன்னா. நான் டாக்டர்கிட்டயும் போய்க் கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

“அப்ப இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாது.”

மனைவி மறுபடி முந்தானையைச் சரிசெய்தாள்.

“மறைச்சிருக்கீங்க,” என்றார். குரல் அவர் நினைத்ததைவிடத் தணிந்து வந்தது. “முக்கியமான விஷயத்த மறைச்சா பாலிசியே செல்லாது. தெரியுமா?”

“பாலிசி யார் பேர்லப்பா?” என்றாள் மகள். “என் பேர்ல. எங்கிட்டச் சொல்லியாச்சு.”

“நான் எத்தனை பேர்கிட்ட விசாரிச்சேன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். அவர் ஆபீஸ்ல சிரிக்கறாங்க. ஊர் பூரா விசாரிச்சீங்க. எங்கிட்டயோ அவர்கிட்டயோ ஒரு தடவை உக்காந்து கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம். நாங்களா வந்து சொன்னா ஒரு ஃபைல் போட்டுக் கேஸ் நடத்துவீங்கன்னு பயம்.”

மருந்துக்கடைக்காரர் இருமினார். “ஓட்டலாம்னுதான் சார் டாக்டர் சொல்றாரு. அவன்தான் காரைத் தொட மாட்டேங்கறான். ‘எனக்கு ஆனா ஆகட்டும், ரோட்டுல போறவங்களுக்கு ஆகக்கூடாது’ங்கறான். இந்த வண்டி அவனுக்கு உயிரு. துடைப்பான், பாலிஷ் போடுவான். ஓட்ட மாட்டான்.”

பஸ், மழை எல்லாம் அந்த நேரத்தில் சர்வேயர் தலைக்குள் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்தன. சேர்ந்த பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை. வண்டி ஓட்டக் கூடாத நிலையில் ஓட்டிவிட்டு அதை மறைத்தவர்களின் வாக்குமூலம் அவர் மேஜையில் குவிந்து கிடக்கும். ஓட்டலாம் என்று சொல்லியும் ஓட்டாமல் இருந்த ஆளுக்கு அவர் அறிக்கை எழுத வேண்டி வந்ததே இல்லை. அப்படிப்பட்டவர்கள் அவர் மேஜைக்கு வருவதில்லை.

அவர் டின்னை எடுத்தார். “முதல்ல இந்த வண்டிய எறக்கணும். வாங்க சார்.”

மருந்துக்கடைக்காரர் தேய்த்த சட்டையின் கையை மடித்துக்கொண்டு போர்வையில் படுத்தார். இருவரும் தோளோடு தோள் இடிக்க அச்சுக்கு அடியில் கிடந்தார்கள். காற்றோட்டையின் தொப்பியைக் கழற்றி, ரப்பர் குழாயைச் செருகி, சர்வேயர் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் ஆயிலை உறிஞ்சி, குமிழியைத் தட்டி வெளியேற்றி, நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல மெதுவாக அழுத்தினார். மறுபடி உறிஞ்சினார்.

“எவ்வளவு போகணும்?” என்றார் சர்வேயர். ஊற்றுமூடி திறந்திருந்தால் கேள்வியே இல்லை. ஓட்டையின் விளிம்பு வரை நிரம்பி வழியும்போது நிறுத்தினால் அளவு சரி. இங்கே வழியாது. வடித்ததை அளந்து பார்க்கவும் முடியாது. பாதி அவர் சட்டையில் இருந்தது.

“டின்னுல முக்காவாசி.”

“எப்படித் தெரியும்?”

“வண்டிப் புஸ்தகத்துல போட்டிருக்கு. ஊசிக்குழல்ல அளந்து அளந்துதான் ஏத்தினேன்.”

“புஸ்தகம் எங்க?”

“வீட்டுல.”

சர்வேயர் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்பவர்களுக்குக் கண் ஓரத்தில் வரும் துடிப்பு அவருக்கு அத்துப்படி. இவ்வளவு கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை, மூச்சுக்காற்றுதான் பட்டது.

“கூடிப்போனா சீல் வழியா வழியும். கொறஞ்சா பல்லு போயிடும்.”

“தெரியும் சார். முக்காவாசிதான்.”

“சரி, ஏத்துங்க.”

வேலை முடிந்து காரை இறக்கியபோது வெயில் தணிந்திருந்தது. மனைவி காபியோடு வந்தாள். சர்வேயர் நின்றபடியே குடித்தார், சட்டையை மாற்றினார், சாவியை எடுத்தார்.

“எங்க போறீங்கப்பா?” என்றாள் மகள்.

“அவர் வீட்டுல இருப்பாருல்ல?”

“இருப்பாரு. எதுக்கு?”

“போய்க் கேக்கறேன்.”

மகள் தானும் வருவதாகச் சொன்னாள். இரண்டே இருக்கை என்று மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மருந்துக்கடைக்காரர் பக்கத்து இருக்கையில் ஏறினார். வேகம் கூடியபோது சர்வேயர் தலையைப் பின்னால் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

“ஏதோ முனகுதே.”

“எனக்குக் கேக்கலையே சார்.”

“கேக்குது.”

“டயரா இருக்கும்.”

டயராகவும் இருக்கலாம். சர்வேயர் அதற்குமேல் வாதாடவில்லை.

பையன் வாசலிலேயே நின்றிருந்தான். மகள் போனில் சொல்லியிருப்பாள். காரின் இரண்டு இருக்கைகளிலும் இரண்டு அப்பாக்களைப் பார்த்ததும் அவன் கண் முதலில் போனது தன் அப்பாவின் சட்டைக்கு. முழங்கை வரை ஆயில்.

“வண்டிய என்னப்பா பண்ணீங்க? ஏதாவது ஒடச்சீங்களா?”

மருந்துக்கடைக்காரர் சர்வேயரைப் பார்த்தார். பார்வையில் கெஞ்சல் இருந்தது. மூடி விவகாரம் பையனுக்குத் தெரியாது என்பது சர்வேயருக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஒண்ணும் ஒடயல,” என்றார் சர்வேயர். “கிரவுன் ஆயில் மாத்தினோம். அப்பா கொஞ்சம் கைகொடுத்தாரு.”

சொன்ன பிறகு தன் வாயிலிருந்து வந்த அதன் வழவழப்பு அவருக்கே வியப்பாக இருந்தது. பையன் முழுதாக நம்பவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்க்கப் போனான்.

“அத அப்புறம் பாக்கலாம்,” என்றார் சர்வேயர். “உங்கள ஒண்ணு கேக்கணும். வலிப்பப் பத்தி. கடைசியா எப்ப வந்துச்சு, எப்படி வந்துச்சு, வந்தா பக்கத்துல இருக்கறவங்க என்ன பண்ணணும்?”

பையன் நிமிர்ந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, சர்வேயரையே பார்த்தான்.

“கடைசிக் கேள்விய இதுவரைக்கும் ரெண்டு பேர்தான் கேட்டிருக்காங்க,” என்றான். “ஒண்ணு டாக்டர். இன்னொண்ணு உங்க பொண்ணு. உள்ள வாங்க. சொல்ல நேரமாகும்.”

சர்வேயர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.